புஞ்சாக் ஆலாமில் ஒரு பல்கலைக்கழகம்: நம் பிள்ளைக்கு எத்தனை இடம்?



ஈஜோக்கிலிருந்தோ ஜெராமிலிருந்தோ புஞ்சாக் ஆலாமுக்குப் போகும் சாலை உங்களுக்குத் தெரிந்த சாலைதான். ஒரு காலத்தில் இருபுறமும் பால்மரம். பிறகு செம்பனை. இப்போது வீடமைப்புத் திட்டங்கள், கடைவீதிகள், அவற்றுக்கு நடுவே யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம். மருந்தியல், சுகாதார அறிவியல், வணிகம் எல்லாம் அங்கே கற்பிக்கப்படுகின்றன. பல்கலைக்கழகத்தின் அல்-சுல்தான் அப்துல்லா மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது.

அந்த வளாகத்துக்குள் நம் மக்கள் போகாமல் இல்லை. காவலாளியாகப் போகிறார்கள். துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். நோய் வந்தால் மருத்துவமனைக்கும் போகிறார்கள். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை எத்தனை ஏ எடுத்திருந்தாலும் பட்டப்படிப்பு மாணவராக அங்கே நுழைய முடியாது. மலேசியக் குடிமக்களில் பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே அங்கே இடம். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவருக்குக்கூட இடமுண்டு. மூன்று தலைமுறையாக இதே மாவட்டத்தில் மரம் சீவியவரின் பேத்திக்கு இல்லை.

இதைக் கோபமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. கோபம் நியாயமானதும்கூட. ஆனால் நான் வழக்கறிஞர். கோபத்தோடு நின்றுவிட்டால் வழக்கு தோற்கும் என்று தொழிலில் கற்றவன். ஆகவே, கல்லூரி இடங்களைப் பற்றி ஆண்டுதோறும் எழும் இந்தச் சண்டையில் நாம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்று உங்களோடு உட்கார்ந்து பேசுவதற்காக இதை எழுதுகிறேன்.

என் அப்பா கேட்ட கேள்வி

நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவன்தான். அப்பா பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனைக் குலை வெட்டினார். 1990களின் இறுதியில் படிவம் ஆறு முடித்து, சட்டம் படிக்க அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். புள்ளிகள் மோசமில்லை. ஒரு நாள் கடிதம் வந்தது. இடமில்லை. காரணமும் இல்லை. நான் தேசிய மொழியில் இருந்த அந்த இரண்டு வரியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் வேலைக்காட்டுச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்:

"மார்க் பத்தலையா, இல்ல நாமதான் பத்தலையாப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று லண்டன் வெளிநிலைத் தேர்வு வழியாகத்தான் நான் சட்டம் படித்தேன். அதற்கு அம்மாவின் தாலிக்கொடி போனது. அக்காவின் படிப்பும் நின்றது. ஒரு பிள்ளை எப்படியோ மேலே வந்துவிட்டான் என்று ஊர் பேசும். அவனுக்காகக் கீழே நின்றுபோனவர்களைப் பற்றி ஊர் பேசாது.

இந்தப் பிரச்சினை முழுவதும் அப்பாவின் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். இடம் கிடைக்காதது ஒரு வேதனை. ஏன் கிடைக்கவில்லை என்று தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய வேதனை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் பலருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 153ஆவது விதி என்றாலே பயம். அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கிறோம். அமைதியாக, உள்ளபடி பேசத் தடையில்லை. எனவே எளிமையாகச் சொல்கிறேன்.

12ஆவது விதி, பொதுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில், குறிப்பாக மாணவர் சேர்க்கையிலும் கட்டணத்திலும், சமயம், இனம், பரம்பரை, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. இதுதான் பொது விதி.

153ஆவது விதி இதற்கு விலக்கு தருகிறது. மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் உபகாரச் சம்பளம், கல்வி வசதி, அரசாங்க வேலை முதலியவற்றில் நியாயமான பங்கை ஒதுக்கலாம் என்கிறது. ஆனால் அதே விதியின் முதல் உட்பிரிவு, மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் மாமன்னர் பாதுகாக்க வேண்டும் என்று சொல்கிறது. மேடையில் முழங்குகிறவர்கள் முதல் பாதியைப் படிப்பார்கள். நாம் முழுதையும் படிக்க வேண்டும்.

உயர்கல்வி இடங்கள் பற்றிய (8ஏ) உட்பிரிவு சுதந்திரத்தின்போது இல்லை. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971ல் சேர்க்கப்பட்டது. தகுதி பெற்றவர்களைவிட இடங்கள் குறைவாக இருக்கும்போது, நியாயமான ஒரு விகிதத்தை ஒதுக்கலாம் என்பதே அதன் சாரம். விகிதம் என்றால் முழுதில் ஒரு பங்கு. நூற்றுக்கு நூறும் ஒரு விகிதமா? ஒரு முழுப் பல்கலைக்கழகத்தையே மூடி வைப்பது நியாயமான விகிதத்துக்குள் அடங்காது என்பது என் சட்டக் கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள், யூ.ஐ.டி.எம். சட்டமே 153ஆவது விதியைக் காட்டித்தான் நிற்கிறது என்பார்கள். வாதம் செய்யலாம். வாதம் செய்வது தேசத் துரோகம் ஆகாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1957ல் அரசமைப்பை வரைந்த ரீட் ஆணையம், இந்தச் சலுகைகளை 15 ஆண்டுகளுக்குப் பிறகு மறு ஆய்வு செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. இறுதிச் சட்டத்தில் அந்தக் காலவரை விடப்பட்டது.

'தகுதி முறை' வந்ததா?

பல்கலைக்கழக இடங்களில் பூமிபுத்ராவுக்கு 55, மற்றவர்களுக்கு 45 என்று நீண்ட காலம் இருந்த கோட்டா, 2002 முதல் எடுக்கப்பட்டு 'தகுதி முறை' வந்தது என்று அறிவித்தார்கள். நம்மில் பலர் கைதட்டினோம். ஆனால் பல்கலைக்கழகக் கதவுக்குப் போக இரண்டு பாதைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒன்று எஸ்.டி.பி.எம்., அதாவது படிவம் ஆறு. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு வாரியம். மற்றது மெட்ரிகுலேஷன். பெரும்பாலோருக்கு ஒரே ஆண்டு. விடுதி உண்டு, செலவுத் தொகை உண்டு.

பாடத்திட்டம் வேறு, தேர்வு வேறு, காலம் வேறு. ஆனால் விண்ணப்பத்தின்போது இரண்டிலும் எடுத்த 4.0 ஒன்றுதான். ஒருவர் மலை ஏறி வந்தார், ஒருவர் சாலையில் வந்தார், வந்து சேர்ந்த உயரம் ஒன்றுதான் என்றால், அந்த ஓட்டத்தை யார் நியாயம் என்பார்கள்? மெட்ரிக் மாணவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு தராசில் நிறுத்துவிட்டு ஒரே விலை போடக்கூடாது என்கிறேன்.

சாலை வழியாக வரும் அந்த மெட்ரிக் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு. மற்ற எல்லாருக்கும் சேர்த்துப் 10 விழுக்காடு. அந்தப் 10 விழுக்காடும் 2003ல்தான் திறந்தது. 2012ல் இந்திய மாணவருக்கு 1,000 இடங்கள் கூடுதலாகத் தந்து சுமார் 1,500 ஆக்கினார்கள். 2017ல் 2,200 என்று அறிவித்தார்கள். 2019ல் மொத்த இடங்களை 25,000லிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள், ஆனால் 90க்கு 10 என்பதை மாற்றவில்லை. ஆட்சி மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை மேடையில் வரும், மாலையோடு வரும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்று அடுத்த ஆண்டு கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். லாபுவானில் இடம் கிடைத்து, பொம்பளைப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப மனமில்லாமலும் விமான டிக்கெட்டுக்குக் காசில்லாமலும் விட்டுவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த இடமும் 'இந்தியருக்குக் கொடுத்தோம்' என்ற கணக்கில்தான் சேரும்.

10ஏ பிள்ளையும் 7ஏ பிள்ளையும்

எஸ்.பி.எம். முடிவுக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகையில் ஒரு படம் வரும். கையில் சான்றிதழ், கண்ணில் நீர், 10ஏ எடுத்தும் மெட்ரிக் கிடைக்காத பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு நடந்தது அநியாயம். 2024 ஜூனில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், 10ஏ மற்றும் அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிக் இடம் உறுதி என்று அறிவித்தார். வரவேற்கத்தக்க முடிவு. நானும் வரவேற்றேன்.

ஆனால் உங்களைக் கேட்கிறேன். நம் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை பிள்ளைகள் 10 பாடம் எடுக்கிறார்கள்? பல பள்ளிகளில் 9 பாடந்தான் வழக்கம். பத்தாவது பாடம் நம் பிள்ளைக்குப் பெரும்பாலும் தமிழாக இருக்கும். அதற்குப் பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் வார இறுதியில் வேறு ஊருக்குப் போக வேண்டும். பள்ளி நேரத்துக்குப் பிறகு பேருந்து இல்லை. எடுத்த 9 பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளைக்கு அந்த உறுதிமொழி பொருந்தாது.

இன்னும் கீழே வாருங்கள். மெட்ரிக்கில் அறிவியல், பொறியியல் தொழில்நுட்பம், கணக்கியல் பிரிவுகள்தான். அப்படியானால் பிள்ளையின் வாய்ப்பு எஸ்.பி.எம். முடிந்த பிறகு தீர்மானிக்கப்படுவதில்லை. படிவம் நான்கில் அறிவியல் வகுப்புக்குள் போனதா இல்லையா என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்த 15, 16 வயதில் தோட்டத்துப் பிள்ளைக்கு வழி சொல்ல யார் இருக்கிறார்கள்?

பல்கலைக்கழகச் சேர்க்கையில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. மதியம் ஒன்றரை மணிக்குப் பள்ளிப் பேருந்து கிளம்பிவிடும். அதை விட்டால் வீட்டுக்கு வர வழியில்லை. பிள்ளை எப்படிச் சாரணர் அணிக்கும் பந்தாட்டத்துக்கும் நிற்கும்? அங்கே போகிறது சில புள்ளி. அந்தச் சில புள்ளியில் போகிறது மருந்தியல் இடம்.

காவலாளி வீட்டில், ஒரே அறையில், டியூஷன் இல்லாமல் 7ஏ எடுத்த பிள்ளையும், மூன்று டியூஷன் ஆசிரியர்களோடு 10ஏ எடுத்த பிள்ளையும் ஒரே தகுதி உள்ளவர்கள்தாம் என்று நான் சொல்வேன். சில சமயம் முதல் பிள்ளைக்கே தகுதி அதிகம் என்பேன். அதனால்தான் 'வெறும் புள்ளி மட்டும் பாருங்கள்' என்ற முழக்கம் நமக்குப் போதாது. அந்த முழக்கம் கிள்ளானிலும் சுபாங்கிலும் உள்ள வசதியான இந்தியப் பிள்ளைக்குக் கதவைத் திறக்கலாம். தோட்டத்துப் பிள்ளை அப்போதும் வெளியேதான் நிற்கும்.

மலாய் ஏழை நம் எதிரி அல்ல

இதைச் சொன்னால் நம் ஆட்களே சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் சொல்ல வேண்டும். 1970ல் பொறியியல், மருத்துவப் படிப்புகளில் மலாய் மாணவர்கள் மிகக் குறைவு. அதைச் சரிசெய்ய அரசாங்கம் கை கொடுத்தது தவறில்லை. ஜெராமில் கடலுக்குப் போகிறவரின் மகனும் தஞ்சோங் காராங்கில் நெல் நடுகிறவரின் மகளும் இன்று பட்டதாரிகள் என்றால், அதில் நமக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. அது நடக்கும் என்பதற்குச் சான்று கிடைத்ததே என்று நாம் மகிழ வேண்டும்.

நம் கேள்வி வேறு. அதே கை நம் பக்கம் ஏன் நீளவில்லை? உதவியின் நோக்கம் ஏழ்மையை ஒழிப்பது என்றால், அமைச்சர் வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே ஒதுக்கீட்டில் போட்டியிடுவது ஏன்? செம்பனைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை அந்த வரிசையிலேயே இல்லாதது ஏன்?

2008 ஆகஸ்டில், சிலாங்கூர் மந்திரி பெசார் காலிட் இப்ராஹிம் யூ.ஐ.டி.எம். இடங்களில் 10 விழுக்காட்டை மற்ற இனத்தவருக்குத் திறக்கலாம் என்று சொன்னதற்கே, மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஷா ஆலாமில் ஊர்வலம் போனார்கள். 2024 மே மாதத்தில், நாட்டில் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் பற்றாக்குறை இருந்தும், பூமிபுத்ரா அல்லாத சில மருத்துவர்கள் அங்கே பயிற்சி பெறலாம் என்ற யோசனைக்குக் கறுப்பு உடை அணிந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த மாணவர்களை நான் வெறுக்கவில்லை. அவர்களில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். 'உன் இடத்தைப் பறிக்க வருகிறார்கள்' என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாம் யார் இடத்தையும் பறிக்க வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது நம் கடமை.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

தவறான வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் 'தரப்படுத்தல்' என்ற பெயரில், பல்கலைக்கழகம் போகத் தமிழ் மாணவர் சிங்கள மாணவரைவிட அதிகப் புள்ளி எடுக்கவேண்டிய நிலை வந்தது. அந்தத் தலைமுறை இளைஞர்கள் மனத்தில் அது விதைத்த கசப்பின் விளைவை உலகமே பார்த்தது.

நல்ல வழிகளும் உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997ல் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டில் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம். பணக்காரப் பள்ளியானாலும் ஏழைப் பள்ளியானாலும் அதே விதி. 2023ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட் வழக்கில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. ஆனால் படித்த பள்ளியையும் குடும்ப வறுமையையும் பார்க்க அங்கே இன்றும் தடையில்லை.

தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதற்குள்ளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குப் போகவில்லை என்று கண்டார்கள். 2020ல் அவர்களுக்கென்றே 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தார்கள். கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டார்கள். இனமும் சாதியும் பார்த்த பிறகும் ஏழ்மையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நாம் கேட்க வேண்டியது

1. மெட்ரிக், பல்கலைக்கழக இடங்களுக்கு விண்ணப்பித்தோர், இடம் பெற்றோர், பதிவு செய்து சேர்ந்தோர் எண்ணிக்கையை இனவாரியாகவும் குடும்ப வருமானவாரியாகவும் கல்வி அமைச்சும் உயர்கல்வி அமைச்சும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

2. இடம் மறுக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் காரணமும், அந்தப் படிப்புக்கான கடைசிப் புள்ளியும் எழுத்தில் தரப்பட வேண்டும்.

3. எஸ்.டி.பி.எம்., மெட்ரிக் இரண்டையும் ஒரே தராசில் கொண்டுவர வேண்டும். பொதுத் தேர்வாகவோ, நேர்மையான புள்ளி மாற்று முறையாகவோ அது இருக்கலாம்.

4. 90லும் 10லும், எல்லா இனத்திலும், வருமானத்தில் அடிமட்டக் குடும்பத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை வேண்டும். கிராமப்புற, தோட்டப்புறப் பள்ளிகளின் முதல் மாணவர்களுக்கு உறுதியான இடம் வேண்டும்.

5. யூ.ஐ.டி.எம்.மில் இப்போதுள்ள ஓர் இடத்தையும் குறைக்காமல், கூடுதல் இடங்களை உருவாக்கி, அவற்றை ஏழைப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறக்க வேண்டும். தொடக்கமாக, மற்ற பல்கலைக்கழகங்களில் இடம் போதாத துறைகளில் திறக்கட்டும்.

இவற்றில் எதுவும் மலாய் ஏழைப் பிள்ளைக்கு எதிரானதல்ல. நான்காவது கோரிக்கை அவருக்கும் சேர்த்துத்தான்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

அரசாங்கம் மாறும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. ஆகவே சில வார்த்தை.

மெட்ரிக் விண்ணப்பம் எஸ்.பி.எம். முடிவு வருமுன்பே திறப்பது வழக்கம். முடிவு வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். விண்ணப்ப நகல், பதில், தேதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். 'பையன் நல்ல மார்க், ஆனா கிடைக்கல' என்ற வாய்ப்பேச்சை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கோப்பு இருந்தால் கடிதம் எழுதலாம், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கச் சொல்லலாம்.

படிவம் ஆறைக் கண்டு ஓடாதீர்கள். அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கலாம், செலவு குறைவு, அந்தச் சான்றிதழுக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் சிலாங்கூர் பல்கலைக்கழகம் எல்லா இனத்தவருக்கும் திறந்தது. போலிடெக்னிக் உண்டு, தொழிற்பயிற்சி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை படிவம் மூன்றில் இருக்கும்போதே பள்ளிக்குப் போய் 'என் பிள்ளையை எந்த வகுப்பில் போடுகிறீர்கள், ஏன்?' என்று கேளுங்கள். தேசிய மொழி தடுமாறுகிறதே என்று கூச்சப்படாதீர்கள். கூடப் படித்த ஒருவரை அழைத்துப் போங்கள். எனக்குச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

அப்பா இறந்து சில வருடம் ஆகிறது. நான் வழக்கறிஞர் அங்கி போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் திண்ணையில் கேட்ட அந்தக் கேள்விக்கு ஓர் அதிகாரியும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. இந்த ஆண்டும் ஏதோ ஒரு தோட்டத்தில், ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டில், ஓர் அப்பா அதே கேள்வியைக் கேட்கப்போகிறார். மார்க் பற்றவில்லை என்றால் அதைச் சொல்லட்டும், பிள்ளை இன்னும் உழைக்கும். நாம்தான் பற்றவில்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும், நாம் நீதிமன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் பதில் தருவோம். காரணம் சொல்லாத கடிதத்தை மட்டும் இனி நாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போகக்கூடாது.